பட்டறை டூர் பார்த்துப் பட்டறை போடாதீர்கள்

அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், 10 அடிக்கு 8 அடியில் ஒரு தகர ஷெட் இருக்கிறது. பழைய சைக்கிளும் உடைந்த ஏர்கூலரும் கிடந்த இடம். ஓனரம்மாவிடம் கேட்டு வாங்கி, தச்சுப் பட்டறை ஆக்கினேன். ஆக்கினேன் என்றால், மரத்தைத் தொடாமல் மூன்று மாதம் ஷெட்டை மட்டும் அலங்கரித்துக்கொண்டிருந்தேன். சுவர் முழுக்க ஓட்டைப் பலகை, உளிகளைத் தொங்கவிட வரிசையாகக் கொக்கிகள், மஞ்சள் விளக்கு. எல்லாம், தங்கள் பட்டறையைச் சுற்றிக் காட்டுகிறவர்களின் ‘டூர்’ வீடியோவில் பார்த்தது. ஜூனில் மழை பிடித்தது. ஆகஸ்டில் எடுத்துப் பார்த்தால், ஒரு தடவைகூட மரத்தில் ஓடாத இழைப்புளியின் அடியில் துரு பூத்திருந்தது.

பெங்களூரில் நம் ஆட்கள் நிறையப் பேருக்கு இப்போது இந்தக் கிறுக்கு பிடித்திருக்கிறது. வாரம் முழுக்க லேப்டாப், ஞாயிற்றுக்கிழமை உளி. ஒருவர் ஷெட்டை இன்னொருவர் போய்ப் பார்க்கிறோம், படம் எடுத்துப் பகிர்கிறோம். நான் பார்த்த ஷெட்களில் பெரும்பாலும் ஒரே தவறுதான் வேறு வேறு வேஷத்தில் இருக்கிறது. இரண்டு கார் நிற்கும் அமெரிக்க கராஜுக்காக யோசித்ததை அப்படியே நம் மொட்டை மாடிக்குத் தூக்கி வந்துவிடுகிறோம். அங்கே காற்று வேறு, விற்கிற மரம் வேறு, கிடைக்கிற மெஷின் வேறு.

துருவையே எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் காய்ந்த தகரம் ராத்திரியில் சில்லென்று ஆகிவிடும். விடிகாலையில் ஈரக்காற்று குளிர்ந்த இரும்பைத் தொட்டால் வியர்க்கும். திறந்த சுவரில் தொங்கும் கருவிகள் படத்துக்கு அழகு, மழைக்காலத்துக்கு ஆகாது. இப்போது என் உளிகள் எல்லாம் அம்மாவின் பழைய டிரங்குப் பெட்டிக்குள், தையல் மிஷின் எண்ணெய் தடவிய துணியில் சுற்றிக் கிடக்கின்றன. ஓட்டைப் பலகையில் குடையும் மழைக்கோட்டும் தொங்குகின்றன.

அடுத்து மேஜை. ஊர்ப் பக்கத்து ஆசாரிகள் தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இழைப்பார்கள், மேஜையே வேண்டாம். நமக்கு அந்த இடுப்பு கிடையாது. ஆனால் மடக்கு மேஜை, சக்கரம் வைத்த மேஜை என்று போகாதீர்கள். இழைப்புளியைத் தள்ளும்போது மேஜையும் கூட நகர்ந்தால் உங்கள் பலம் பாதி அதிலேயே போய்விடும். உயரம், நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வருமே, அந்த அளவு போதும். மேஜை நகராமல் இருக்க, கீழ்த்தட்டில் இரண்டு ஹாலோ பிளாக் கல்லை வைத்துவிடுங்கள்.

மரம் வாங்குவதில்தான் காசு அதிகம் கரைகிறது. மைசூர் ரோடு டிம்பர் யார்டில் விலை கன அடிக் கணக்கு. அடியில் நீளம், அங்குலத்தில் அகலம், அங்குலத்தில் கனம், மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. 7 அடி நீளம், 8 அங்குல அகலம், 1½ அங்குல கனம் என்றால் 84, வகுத்தால் 0.58. இதைப் போனில் நீங்களே போட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். அப்புறம், அறுத்த மரத்தின் 1½ அங்குலம், இழைத்து முடிக்கும்போது 1¼ ஆகிவிடும். வரைபடத்தில் 1½ என்று போட்டுவிட்டு 1½ பலகை வாங்குவது எல்லோரும் ஒருமுறை செய்கிற தப்பு.

முதல் தடவை நான் போனபோது பளபளவென்று இருந்த ஒரு தேக்குப் பலகையைத் தேர்ந்தெடுத்தேன். கடைக்காரர் ரசீதுப் புத்தகத்தை எடுக்கப் போன நேரத்தில், மரம் ஏற்றும் தருமபுரி அண்ணன் கிட்டே வந்து, “சார், கன்னத்துல வெச்சுப் பாருங்க” என்றார். வைத்தேன். ஜில்லென்று இருந்தது. பக்கத்தில் கிடந்த பழைய பலகை அப்படி இல்லை. “இது இன்னும் பச்சை. ஆறு மாசம் போனா முறுக்கிக்கும்.” கன்னம் சொல்வதைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு அறுத்து சமையலறைத் தராசில் எடை போடுங்கள். ஓவனில் 100 டிகிரியை ஒட்டிச் சூடாக்கி, எடை இனிமேல் குறையாது என்கிற வரை காயவைத்து மறுபடி போடுங்கள். 115 கிராம் 100 ஆனால் ஈரப்பதம் 15 சதவீதம். 12-ஐத் தொட்டால் வீட்டுச் சாமானுக்கு தைரியமாக எடுக்கலாம். அதற்கு மேல் இருந்தால் இடையில் குச்சி கொடுத்து அடுக்கி, நிழலில் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

கற்றுக்கொள்ளும்போதே தேக்கு எதற்கு என்பது என் கட்சி. குடகு, சிக்கமகளூரு காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் கர்நாடகத்தில் தாராளமாகக் கிடைக்கும். உளிக்கு இசையும், கெட்டால் மனசு வலிக்காது. எது வாங்கினாலும் வைரம் பாய்ந்த பகுதி வேண்டும். ஓரத்து வெளிர்ப் பகுதியில்தான் வண்டு முதலில் இறங்கும். அடியில் மாவு மாதிரித் தூள் கொட்டியிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். இது தேக்குதானா என்ற சந்தேகம் பெரிதாக இருந்தால், மல்லேஸ்வரத்தில் மர அறிவியலுக்கென்றே ஒரு மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. மரத்துண்டைப் பார்த்து இனம் சொல்லும் வேலை அங்கே நடக்கிறது.

ஓசியில் வரும் பேலட் (சரக்கு அடுக்கி அனுப்பும் மரத்தட்டு) மரத்தில் ஒரு முத்திரை இருக்கும், பாருங்கள். ஆங்கிலத்தில் எச்.டி. என்று இருந்தால், நடுக்கட்டை 56 டிகிரியில் 30 நிமிடமாவது இருக்கும்படி சூடேற்றியது என்று அர்த்தம். எம்.பி. என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற விஷவாயு அடித்தது, வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பிளைவுட்டில் ஐ.எஸ். 303, ஐ.எஸ். 710 என்று இரண்டு எண்களைப் பார்ப்பீர்கள். 710 என்றால் மரைன், அதாவது தண்ணீர் தாங்கும் ரகம், சமையலறைத் தொட்டிக்குக் கீழே அதுதான்.

நல்ல காய்ந்த மரமும் சும்மா இருக்காது. நீளவாட்டில் அசையாது, அகலவாட்டில் மழைக்கு வீங்கி வெயிலுக்குச் சுருங்கும். 20 அங்குல அகலத் தேக்குப் பலகையில் ஈரப்பதம் 4 சதவீதம் மாறினால், ஒரு நூலுக்கு, அதாவது அரைக்கால் அங்குலத்துக்கு, கொஞ்சம் மேலேயே அகலம் மாறலாம். அதை நாலு பக்கமும் ஃபெவிகால் போட்டு, சட்டத்தோடு திருகி இறுக்கினால் என்ன ஆகும்? ஏப்ரலில் ஒரு நாள் ராத்திரி ‘டப்’ என்று சத்தம் கேட்கும். என் முதல் டீப்பாய் அப்படித்தான் நடுவில் பிளந்தது. ஆசை ஆசையாக அக்காவுக்குக் கொடுத்தது. மேல்பலகையைப் பசையில்லாமல் திருகாணியால் மட்டும் பிடித்து, சட்டத்தில் போடும் துளையை வட்டமாக இல்லாமல், பலகையின் அகலவாட்டில் நீண்டதாகப் போட்டிருந்தால் பலகை தன்பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருக்கும்.

இனி, சொல்லாமல் விடக்கூடாத ஒன்று. நல்ல டேபிள் ஸா, அதாவது மேஜைக்கு நடுவே பிளேடு எட்டிப் பார்க்கும் மெஷின் ரம்பம், நமக்கு யானை விலை. அதனால் 4 அங்குல மார்பிள் கட்டரை வாங்கி, அதில் மரம் அறுக்கும் பல் வைத்த பிளேடைப் போட்டு, பிளைவுட்டில் துளையிட்டுத் தலைகீழாக மாட்டி, சுவிட்சை டேப் சுற்றி அழுத்தி வைத்துவிட்டு ‘டேபிள் ஸா ரெடி’ என்று காட்டுகிறார்கள். நானும் செய்தேன். அந்த மெஷின் கல்லுக்காகச் செய்தது. நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் சுற்றும். வைரத்தூள் ஒட்டிய கல் பிளேடுக்குப் பல் இல்லை, கல்லும் பிளேடைக் கவ்வாது. மரம் கவ்வும். உள்ளே அடங்கியிருக்கும் இறுக்கம், அறுக்க அறுக்க விடுபட்டு, வெட்டின வாயைப் பின்னால் மூடப் பார்க்கும். பிளேடின் பின்பக்கப் பற்கள் அப்போது மேல்நோக்கி வருகின்றன. மரத்தைத் தூக்கி உங்கள் மேலேயே எறிந்துவிடும். ஒழுங்கான டேபிள் ஸாவில் பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு நின்று வெட்டு மூடாமல் பார்த்துக்கொள்ளும். தலைகீழ் கட்டரில் அது கிடையாது. ஒரு அடி நீள சில்வர் ஓக் ரீப்பர் என் இடுப்பைத் தாண்டிப் போய்த் தகரத்தில் இடித்தது. அந்தச் சமயம் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நின்றிருந்தேன், அவ்வளவுதான். ஷெட் பார்க்க வருகிறவர்கள் அந்தக் குழியை என்னவென்று கேட்பார்கள்.

இரும்பு அறுக்கும் கை மெஷினான ஆங்கிள் கிரைண்டரில் மரம் அறுக்கும் பிளேடு மாட்டுவது இன்னும் மோசம். கையில் பிடித்தபடியே 11,000 சுற்று, அதிலும் பெரிய பிளேடு நுழையவில்லை என்று பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிடுவார்கள். பிளேடின் மேலேயே அதிகபட்சச் சுற்று எத்தனை என்று அச்சிட்டிருக்கும், படியுங்கள். நீள அறுப்பு எல்லாவற்றையும் நான் இப்போது யார்டிலேயே பேண்ட் ஸாவில் (நாடா ரம்பம்) அறுத்து வாங்கிவிடுகிறேன். குறுக்கே வெட்டக் கைரம்பம் போதும்.

சுழலும் மெஷினில் கையுறை போடுவதைப் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். நூல் ஒன்று சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும். தோளில் துண்டு, தொளதொள சட்டை, மணிக்கட்டில் கோயில் கயிறு, எல்லாமே அதே கணக்குதான். கயிற்றை அவிழ்க்க மனசு வராதென்றால் அன்றைக்கு மெஷினைத் தொடாதீர்கள்; சாமி கோபித்துக்கொள்ளாது.

கரண்ட் விஷயம். 2,000 வாட் மெஷின் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதைச் சமையலறையின் 6 ஆம்பியர் பிளக்கிலிருந்து மெல்லிய ஒயரில் மாடிக்கு இழுத்தால் ஒயர் கொதிக்கும். சுருட்டியபடியே வைத்தால் சீக்கிரம் கொதிக்கும். 16 ஆம்பியர் லைன் தனியாக இழுத்து, கரண்ட் கசிந்தால் உடனே அணைந்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் போடச் சொல்லுங்கள். மாடி, மழை, இரும்பு. மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

மரத்தூளை நாம் யாரும் பெரிதாக எடுப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. கைக்குட்டை கட்டினால் போதாது. கொரோனாவில் வாங்கி மிச்சமிருக்கும் என்-95 போடுங்கள், மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையை அறுக்கும்போது கட்டாயம்.

சத்தத்துக்குச் சட்டப்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை கெடுபிடி. எங்கள் தெருவில் அதைவிடக் கறாரான சட்டம், மதியம் 2 முதல் 4 வரை ஓனரம்மாவின் தூக்கம். அந்த இரண்டு மணி நேரம் எனக்கு உளி தீட்டும் நேரம். புது உளி கடையிலிருந்து கூராக வரும் என்று நம்பி, வெட்டவில்லை என்று கொட்டாப்புளியால் ஓங்கி அடிப்பதும் ஒரு தவறுதான். முதுகுப் பக்கத்தைச் சாணைக்கல்லில் தட்டையாக்கி, முனையை 25 முதல் 30 டிகிரியில் தீட்டி, முன்னங்கை முடியை மழித்துப் பாருங்கள். மழித்தால் மரத்தையும் மழிக்கும்.

கடைசியாகப் பூச்சு. லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், தேய்த்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிட்டு இறங்கி வராதீர்கள். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் காயும். சேரும்போது சூடு கிளம்பும். துணி விரிந்திருந்தால் சூடு பறந்துவிடும், பந்தாகக் கிடந்தால் உள்ளேயே ஏறி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். பக்கத்தில் மரத்தூளும் சீவலும் வேறு. துணியை விரித்து வெளியே கொடியில் தனியாகத் தொங்கவிட்டு, விறைப்பாகக் காய்ந்த பிறகே குப்பையில் போடுங்கள். ஓனரம்மா புடவை காயும் கொடியில் மட்டும் வேண்டாம். அந்தப் புடவைக்கு நான் இன்னும் கடன் அடைத்துக்கொண்டிருக்கிறேன், பூஜை அறைக்கு ஒரு ஷெல்ஃப் வடிவில்.