அம்மாவுக்கு மட்டும் கேட்ட உறுமல்: ராத்திரிச் சத்தத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி

"மக்களே, யாரோ லாரிய ஆஃப் பண்ணாம நிறுத்தியிருக்கான், ஒனக்குக் கேக்கலியா?" என்று அம்மா கேட்ட ராத்திரி, நான் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, தூங்கும்மா என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. குளச்சல் பக்கத்தில் எங்கள் வீடு. அதற்கப்புறம் பல வாரம் அம்மாவுக்குச் சரியான தூக்கமே இல்லை. உங்கள் வீட்டிலும் ஒருவருக்கு மட்டும் சத்தம் கேட்கிறதா? முதலில் அவரை நம்புங்கள். தாழ்ந்த சத்தம், அதாவது அடித்தொனியில் உறுமும் சத்தம், எல்லாக் காதுக்கும் ஒரே அளவில் எட்டாது. அமெரிக்காவில் தாவோஸ் என்ற ஊரில் 1990-களில் இதே மாதிரி உறுமலைக் கேட்டவர்கள் சுமார் 2 சதவீதம் பேர்தான், அங்கே கடைசிவரை காரணம் பிடிபடவில்லை.

சத்தம் காதுக்குள்ளிருந்து வருகிறதா, வெளியிலிருந்தா என்பதை முதலில் பிரித்துவிட வேண்டும். விரலால் காதை அடைத்துப் பார்ப்பது போதாது, தாழ்ந்த சத்தம் அதையும் தாண்டி வரும். குலசேகரம், பேச்சிப்பாறை மாதிரி தள்ளியிருக்கும் ஊரில் சொந்தக்காரர் வீட்டில் இரண்டு மூன்று ராத்திரி தங்கச் சொல்லுங்கள். அங்கேயும் அதே சத்தம் கேட்டால் பெரும்பாலும் காது சம்பந்தப்பட்டது, காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். ஒரு காதில் மட்டும் கேட்டாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ, திடீரென்று காது மந்தமானாலோ இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், உடனே போய்விடுங்கள்.

வெளிச் சத்தம்தான் என்றால் அடுத்து வீட்டைச் சோதியுங்கள். சத்தம் கேட்கும் நேரத்தில் முதலில் இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு அப்புறம் மெயினை அணைக்க வேண்டும், ஏனென்றால் மெயின் போனதும் இன்வெர்ட்டர் ஓட ஆரம்பித்து அதுவே ரீங்காரம் போடும். அப்படியும் நிற்கவில்லையா, சத்தம் உங்கள் வீட்டு ஃபிரிட்ஜோ மோட்டாரோ இல்லை.

சத்தம் கேட்பவரை அறைக்குள் மெல்ல நடக்கச் சொல்லுங்கள். 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 தடவை அதிரும் சத்தத்தின் ஒரு அலை ஏறக்குறைய 6.8 மீட்டர் நீளம். அதில் பாதி, அதாவது சுமார் 11 அடி, நம் படுக்கையறை அளவுதான். அதனால் சுவர் ஓரத்திலும் மூலையிலும் சத்தம் திரண்டு நிற்கும், நடுவில் குறையும். அம்மாவின் கட்டில் மூலையில் கிடந்தது. நான் நடுவில் நின்றுகொண்டு எனக்குக் கேட்கவில்லையே என்று சொல்லிக்கொண்டிருந்தேன்! அம்மா சொன்ன இடத்தில் தலை வைத்துப் படுத்தபோதுதான் லேசாக எனக்கும் பிடிபட்டது.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒரு நோட்டு. தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம், காற்று எந்தப் பக்கம், கரண்ட் போனபோது சத்தம் நின்றதா என்று ஒரு நாள் விடாமல் எழுதுங்கள். தெருவில் எல்லாரும் ஆரல்வாய்மொழி காற்றாலையைக் கைகாட்டினார்கள். ஆனால் எங்கள் நோட்டில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் சத்தம் இல்லை என்றே இருந்தது. காற்றாலை நன்றாகச் சுற்றும் மாதங்களே அவைதான். அந்த இரண்டு மாதமும் மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கடல் இரைச்சல் மற்ற சத்தத்தை மூடியிருக்கலாமே என்ற சந்தேகமும் எனக்கு இருந்தது. ஆகஸ்டில் படகுகள் போன அந்த வாரமே உறுமல் திரும்பி வந்தது, கடல் அப்போதும் இரைந்துகொண்டுதான் இருந்தது. அப்புறம் என்ன, படகுகளுக்கு ஐஸ் செய்து கொடுக்கும் கம்பெனிகளைத் தேடிப் போனோம்.

கனடாவின் விண்ட்சர் நகரத்திலும் இப்படித்தான் தெரியவந்தது. 2011 முதல் மக்களைப் படுத்திய உறுமல், ஆற்றுக்கு அக்கரையில் அமெரிக்கத் தீவு ஒன்றிலிருந்த இரும்பு உலைகள் 2020-ல் நிறுத்தப்பட்ட பிறகு ஓய்ந்தது. ஆகவே எந்த நாட்களில் சத்தம் இல்லை என்பதைக் கட்டாயம் குறியுங்கள்.

தேடிப் போகும்போது தனியாகப் போக வேண்டாம், ராத்திரி இரண்டு மணிக்குத் தெருநாய்த் தொல்லையும் உண்டு. தாழ்ந்த சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் சொல்வது கஷ்டம். அதனால் நூறு அடிக்கு ஒரு தடவை நின்று, முன்பைவிடக் கூடியதா குறைந்ததா என்று மட்டும் பாருங்கள். போன் செயலியில் ஒன்றும் காட்டவில்லை என்று விட்டுவிடாதீர்கள், போன் மைக் தாழ்ந்த சத்தத்தைச் சரியாகப் பிடிக்காது.

இடம் தெரிந்ததும் சண்டைக்குப் போகாமல் நோட்டைக் காட்டிப் பேசுங்கள். எங்களுக்கு ஐஸ் கம்பெனிக்காரர்கள் கம்ப்ரசர் அடியில் அதிர்வு தாங்கும் ரப்பர் பேடு போட்டுக் கொடுத்தார்கள், பாதிக்கு மேல் குறைந்தது. கட்டிலையும் நடு அறைக்கு நகர்த்திவிட்டோம். பேசித் தீராவிட்டால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்திலும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் மனு கொடுக்கலாம். குடியிருப்புப் பகுதியில் ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை வரம்பு 45 டெசிபல். ஆனால் அந்த அளவு 'ஏ' முறையில் எடுப்பது, தாழ்ந்த சத்தத்தை அது குறைத்தே காட்டும். அதனால் தாழ்ந்த சத்தத்தை அவ்வளவாகக் குறைக்காத 'சி' முறையிலும் அளந்து தரும்படி மனுவிலேயே எழுதுங்கள், நோட்டின் நகலையும் கூடவே இணைத்துவிடுங்கள்.