குடிலுக்குப் புல், ஐந்து வகுப்புக்கும் பாடம்

டிசம்பர் பிறந்தால் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப்பள்ளிகளில் கிறிஸ்துமஸ் குடில் வேலை தொடங்கிவிடும். பல பள்ளிகளில் கடைசி நேரத்தில் கடையிலிருந்து பச்சைத் தாளோ பிளாஸ்டிக் புல்லோ வாங்கி விரித்துவிடுகிறார்கள். அந்தப் புல்லைப் பிள்ளைகளே கொட்டாங்கச்சியில் விதைத்து வளர்த்தால் குடிலும் தயாராகும். இரண்டு வாரத்துக்கு அறிவியல், கணக்கு, தமிழ் மூன்றுக்கும் செயல்பாடு கிடைக்கும். இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு, நாற்பது ஐம்பது பிள்ளைகள் என்று நடக்கிற பள்ளிக்கு இது நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் ஒரே கொட்டாங்கச்சியை வைத்து ஒவ்வொரு வகுப்புக்கும் ஒவ்வொரு வேலை கொடுக்கலாம்.

எந்தத் தானியம், எந்தத் தேதி

குடிலில் வைக்கும் சுரூபங்களின் (சிலைகளின்) உயரத்தைப் பார்த்துத்தான் தானியத்தை முடிவு செய்ய வேண்டும். கோதுமை ஏழு நாளில் 8 முதல் 10 செ.மீ. வளர்ந்துவிடும். உங்கள் குடிலில் ஆட்டுக்குட்டி 5 செ.மீ. என்றால் புல்லுக்குள் காணாமல் போகும். அதனால் கோதுமையும் கம்பும் பின்வரிசைக்கு, கேழ்வரகு முன்வரிசைக்கு. கேழ்வரகு மெதுவாகத்தான் வரும். பத்துப் பன்னிரண்டு நாளில் 4, 5 செ.மீ. இருக்கும், ஆனால் பாய் விரித்ததுபோல அடர்த்தியாக நிற்கும். பள்ளியில் கிறிஸ்துமஸ் விழா 20ஆம் தேதி என்றால் கேழ்வரகை 8ஆம் தேதியே தூவுங்கள். கோதுமையை 11ஆம் தேதி இரவு ஊறவைத்து 12ஆம் தேதி விதைத்தால் போதும். முந்திக்கொண்டு விதைத்தால் விழாவன்று கோதுமை சாய்ந்து படுத்திருக்கும். இரண்டாம் பருவத் தேர்வும் இதே வாரங்களில்தான் வரும். அளக்கிற வேலையைக் காலை வழிபாடு முடிந்ததும் பத்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.

மளிகைக் கடையில் விற்கும் முழுக் கோதுமையே போதும். உரக்கடை விதை வேண்டாம். பூஞ்சைக்கொல்லி கலந்து சிவப்போ பச்சையோ நிறமேற்றியிருப்பார்கள், பிள்ளைகள் கையில் அது படக்கூடாது. சாமை அரிசி, தினை அரிசி என்று உமி நீக்கி விற்பதை நம்ப வேண்டாம், பெரும்பாலும் முளைப்பதில்லை. வாங்கியதும் 20 மணியை எண்ணி ஈரத்துணியில் முடிந்து இரண்டு நாள் வையுங்கள். 16க்கு மேல் முளைத்தால் நல்ல விதை. 10க்குக் கீழே என்றால் வேறு கடை பாருங்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு இதுவே முதல் கணக்கு. 20இல் 17 முளைத்தால் 17/20 என்று பின்னமாக எழுதட்டும். சதவீதத்துக்கு அவசரப்பட வேண்டாம்.

கொட்டாங்கச்சியும் மண்ணும்

தேங்காய் உடைத்த இரண்டு பாதியில் கண் உள்ள பாதிதான் நமக்கு வேண்டும். மூன்று கண்ணில் ஒன்று மட்டும் மெத்தென்றிருக்கும். அதை ஆணியால் குத்தினால் தண்ணீர் வடிய ஓட்டை தயார். கண் இல்லாத பாதியில் விதைத்தால் நீர் தேங்கி நான்காம் நாளே அழுகல் வாடை வரும். அந்தப் பாதிகளை வர்ணம் குழைக்க வைத்துக்கொள்ளுங்கள். குத்துவது ஆசிரியரின் வேலை. ஓட்டை வழியாக ஒரு சாண் பருத்தி நூலைக் கோத்துப் பாதியை உள்ளேயும் பாதியை வெளியேயும் விடுங்கள். இதன் பயன் சனிக்கிழமை தெரியும்.

தென்னை நார்க்கழிவுக் கட்டி 650 கிராம் ஒன்று வாங்கினால் ஐம்பது கொட்டாங்கச்சிக்குக் காணும். ஊறியதும் இரண்டு முறை அலசிப் பிழியுங்கள், அதில் உப்பு இருக்கும். கட்டி கிடைக்காவிட்டால் சலித்த தோட்டத்து மண்ணும் மணலும் சரிபாதி. வெறும் செம்மண் இறுகிப்போகும். கேழ்வரகு முளை அதைப் பிளந்து வராது.

ஒரு கொட்டாங்கச்சிக்கு முக்கால் அளவு மண், அதன்மேல் ஊறிய கோதுமை ஒரு மேசைக்கரண்டி. கேழ்வரகு என்றால் ஊறவைக்காமல் ஒரு தேக்கரண்டி. விதை ஒன்றையொன்று தொடலாம், ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. "இன்னும் கொஞ்சம் போடவா?" என்று கேட்காத பிள்ளை இருக்காது. இரண்டு கரண்டி போட்ட கொட்டாங்கச்சிதான் முதலில் பூசணம் பிடிக்கும். மேலே விரற்கடை மண்கூட வேண்டாம். ஈரத்துணி மூடினால் போதும். இரண்டாம் நாள் முடிவில் துணியை எடுத்துவிடுங்கள்.

ஊறவைப்பதற்கு முன் ஐந்தாம் வகுப்பு ஒரு கரண்டியில் எத்தனை கோதுமை மணி என்று மதிப்பிடட்டும். ஐம்பது என்பார்கள், நூறு என்பார்கள். பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணினால் முந்நூறை ஒட்டி வரும்.

அளப்பது

ஸ்கேல் கொடுத்தால் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்குப் புரியாது. மூன்றாம் வகுப்பும் தவறாகத்தான் அளக்கும்: ஸ்கேலின் ஓரத்துக்கும் பூச்சியத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனிக்காது, அல்லது ஸ்கேலை மண்ணுக்குள் அழுத்தும். அதற்குப் பதில் காகிதப் பட்டை. பழைய காலண்டர் தாளை 1 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். பட்டையின் அடியை மண்ணில் தொடும்படி பயிருக்குப் பின்னால் நிறுத்தி, நுனி இருக்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, கோட்டில் வெட்டி, அன்றைய தேதிக்கு மேலே சார்ட்டில் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான். ஏழெட்டு நாளில் பட்டை வரைபடம் தானாக எழுந்து நிற்கும். "பட்டை வரைபடம்" என்ற சொல்லை அதற்குப் பிறகு சொல்லிக்கொடுங்கள், முன்பு வேண்டாம்.

இதில் இரண்டு தவறு நடக்கும். ஒன்று, பிள்ளைகள் தினமும் அன்றைக்கு உயரமாக இருக்கும் பயிரைத் தேடி அளப்பார்கள். முளைத்த முதல் நாளே ஒரு பயிரின் பக்கத்தில் ஈர்க்குச்சி நட்டு "இதுதான் நம் பயிர்" என்று சொல்லிவிடுங்கள். இன்னொன்று, முளைக்காத முதல் இரண்டு நாளும் வெறுமையாக இருக்கிறதே என்று ஏதாவது ஒட்டிவிடுவார்கள். அந்த இடம் காலியாகத்தான் இருக்க வேண்டும். பூச்சியமும் ஓர் அளவுதான். நான்காம், ஐந்தாம் வகுப்பு அந்தப் பட்டைகளையே ஸ்கேலில் அளந்து, ஐந்து கொட்டாங்கச்சிக்குச் சராசரி காணட்டும். ஒன்றாம், இரண்டாம் வகுப்பு சூழ்நிலையியல் பாடவேளையில் விதை, முளை, வேர், இலை என்று படம் வரைந்து பெயர் எழுதினால் போதும்.

ஒரு கொட்டாங்கச்சியின்மேல் மட்டும் முதல் நாளிலிருந்தே அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வையுங்கள். ஆறாம் நாள் திறப்பதற்கு முன், எது உயரமாக இருக்கும் என்று கை தூக்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ எல்லோரும் வெயிலில் இருப்பதையே சொல்வார்கள். திறந்தால் இருட்டில் இருந்ததுதான் உயரமாக, வெளிறிய மஞ்சளாக, நிற்க முடியாமல் நிற்கும். உடனே விளக்கம் சொல்லிவிடாதீர்கள்; ஏன் அப்படி என்று அவர்கள் அடித்துக்கொள்ளட்டும். பிறகு, வெளிச்சத்தைத் தேடித் தண்டு நீண்டது, வெளிச்சம் இல்லாததால் பச்சையம் உண்டாகவில்லை என்று சொன்னால் மறக்காது. வெளியே வைத்தால் இரண்டு நாளில் பச்சையாகிவிடும், குடிலுக்கும் ஆகும்.

கெட்டுப்போவது எப்படி

அதிகம் கெடுவது தண்ணீரால்தான். எல்லாப் பிள்ளைக்கும் ஊற்ற ஆசை. காலையில் எட்டுப் பேர் ஊற்றினால் பயிர் மூச்சுவிடாது. வரிசைக்கு ஒருவர், காலை ஒருமுறை, மூடியில் ஊசித்துளை போட்ட பாட்டிலால். மழை நாளில் விரலை வைத்துப் பார்த்து, ஈரம் ஒட்டினால் விட்டுவிடலாம். வெள்ளிக்கிழமை மாலை நனைந்த கோணிச்சாக்கின்மேல் கொட்டாங்கச்சிகளை வரிசையாக வைத்தால், தொங்கும் நூல் வழியாக ஈரம் ஏறித் திங்கள்வரை தாங்கும்.

மூன்றாம் நாள் "டீச்சர், பூசணம்!" என்று ஒரு குரல் வரும். பதற வேண்டாம். வேரைச் சுற்றிச் சீராக வெள்ளைப் பஞ்சுபோல இருந்து, தண்ணீர் தெளித்ததும் அடங்கிவிட்டால் அது வேர்த்தூவி. விதைகளுக்கு நடுவே சிலந்திவலைபோலப் படர்ந்து வாடை அடித்தால்தான் பூசணம். அதை அப்படியே குப்பைக்குழியில் கொட்டுங்கள். மூச்சிளைப்பு உள்ள பிள்ளைகளைத் தொடவிட வேண்டாம். கேழ்வரகை எறும்பு தூக்கும், கோதுமையை எலி தின்னும். கொட்டாங்கச்சிகள் இருக்கும் தட்டை, தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவே உயரமாக வைத்தால் எறும்பு வராது. எலிக்கு இரவில் இரும்புச் சல்லடையைக் கவிழ்ப்பதுதான் வழி.

மறைக்கல்வி (கத்தோலிக்க சமய வகுப்பு) நேரத்தில்

புனிதர் அசிசி பிரான்சிஸ் 1223இல் இத்தாலியின் கிரெச்சோ ஊரில் வைத்த குடிலில் நிஜ மாடும் கழுதையும் வைக்கோலும் இருந்தன. பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் டிசம்பர் 4, புனித பார்பரா நாளில், தட்டில் கோதுமை விதைத்துக் கிறிஸ்துமஸ் மேசையில் வைப்பார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, முளைப்பாரி தெரியும். அதை வீட்டில் எப்படி வளர்க்கிறார்கள் என்று இந்துப் பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் பாட்டியைக் கேட்டு வருவார்கள், அது தமிழ்ப் பாடவேளைக்கு நல்ல பேச்சுப் பயிற்சி. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு விவிலியத்தின் யோவான் 12:24, கோதுமை மணி உவமையை, முளைத்த விதையைப் பிட்டுக் காட்டியபடி சொல்லலாம். மற்றப் பிள்ளைகள் அந்நேரம் நன்னெறி வகுப்பில் இருக்கட்டும். அரசு உதவிபெறும் பள்ளியில் பெற்றோர் இசைவில்லாமல் சமயப் போதனையில் பிள்ளையை உட்காரவைக்க அரசியலமைப்பின் 28(3)ஆம் பிரிவு இடம் தருவதில்லை. விதைப்பதும் அளப்பதும் எல்லோருக்கும் பொது.

குடிலில் அடுக்கும்போது கொட்டாங்கச்சிகளை மணலில் விளிம்புவரை புதைத்து, இடையில் ஈரப்பாசியை வையுங்கள். சீரியல் விளக்கு வயர் ஈரத்தைத் தொடக்கூடாது, மேலே கூரையோடு போகட்டும். உயரம் தப்பிய கோதுமையைக் கத்தரிக்கோலால் வெட்டுவதானால் விழாவன்று காலையில் வெட்டுங்கள். முந்தின நாளே வெட்டினால் நுனி காய்ந்து பழுப்பாகும்.

விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. சர்ச்சில் வைக்கும் குடிலுக்குக் கேட்டால் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போகட்டும். ஆடு இருக்கும் வீட்டுப் பிள்ளைகளிடம் 3 செ.மீ. விட்டு மேலே மட்டும் வெட்டிப் போடச் சொல்லுங்கள். கோதுமை இன்னொரு முறை துளிர்க்கும். ஜனவரியில் பள்ளி திறந்ததும் பட்டையோடு வந்து எவ்வளவு துளிர்த்தது என்று ஒட்டலாம்.