கடைக்கால் எப்போது மேலே வரும்? வடசென்னை அரசுக் கட்டட வேலைகளில் ரிஸ்க்கைக் கையாளும் முறை

வேலை ஆணையில் போட்டிருக்கும் தேதியை முதலில் பாருங்கள். ஜூலை தாண்டியிருந்தால், அந்த வேலையின் பெரிய ரிஸ்க் அந்தத் தேதிதான். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிடும். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டைப் பக்கம் திறந்த பள்ளம் வைத்திருப்பவருக்கு அதற்குப் பிறகு குளம்தான் மிச்சம். 2015-லும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இந்தப் பகுதிகள் பட்டது எல்லோருக்கும் தெரியும்.

அதனால் கணக்கை அக்டோபரிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். 60 பைல் (தரைக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூண்), ஒரே ரிக் (துளையிடும் இயந்திரம்), நாளுக்கு இரண்டு பைல் என்றால் 30 வேலை நாள். அதற்கு மேல் பைல் கேப் (பைல் தலைகளை இணைக்கும் கான்கிரீட்), கிரேடு பீம் (தரைமட்டத்தில் ஓடும் உத்திரம்), மண் நிரப்புதல் எல்லாம் சேர்த்துக் குறைந்தது ஆறு வாரம். ஆக, ரிக் ஜூலை கடைசி வாரத்திலாவது சைட்டுக்குள் வந்திருக்க வேண்டும். வராது என்று தெரிந்தால் முழு மனையையும் தோண்டிப் போடாதீர்கள். ஒரு வாரத்தில் கான்கிரீட் போட்டு மூடக்கூடிய அளவுக்கு மட்டும் பகுதி பகுதியாகத் திறங்கள். பக்கத்துச் சைட்டில் மொத்தமும் தோண்டிவிட்டார்களே என்று மேஸ்திரி சொல்வார். சொல்லட்டும்.

அடுத்தது மண். காசிமேடு முதல் எண்ணூர் வரை கடலோரம் மணல். உள்ளே கொடுங்கையூர், வியாசர்பாடிப் பக்கம் போனால் களிமண்ணும், எப்போதோ கொட்டி நிரப்பிய மண்ணும் கலந்து கிடக்கும். அடுத்த தெருவில் எடுத்த மண் பரிசோதனை அறிக்கையை எஸ்டிமேட்டில் சேர்ப்பதுதான் பின்னால் ரிவைஸ்டு எஸ்டிமேட்டாக (திருத்திய மதிப்பீடு) வந்து நிற்கும் தவறு. சுமார் 0.4 ஹெக்டேர் மனைக்கு நான்கு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு போர் (மண் எடுக்கும் ஆழ்துளை) போதும் என்கிறது இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1892. போருக்கு ஆகும் செலவு பெரிதல்ல. பைல் நீளம் கூடியதற்கு மறு அனுமதி வாங்கக் காத்திருக்கும் மாதங்கள்தான் பெரிது. அறிக்கையில் நிலத்தடி நீர்மட்டம் எந்த மாதம் அளந்தது என்றும் பாருங்கள். மே மாத அளவை நம்பி நவம்பரில் பள்ளம் தோண்ட முடியாது.

அதே போரிலிருந்து தண்ணீர் எடுத்துக் குளோரைடு, சல்பேட் பார்க்கச் சொல்லுங்கள். உள்மாவட்டத்துக்குப் போட்ட டைப் டிசைனை (பொது மாதிரி வடிவமைப்பு) அப்படியே திருவொற்றியூரில் வைத்தால், சில வருடத்தில் கம்பி துருப்பிடித்து சன்ஷேடிலிருந்து கான்கிரீட் பெயர்ந்து விழும். கடலோரக் காற்று நேராகப் படும் இடத்துக்கு ஐ.எஸ். 456 கேட்பது எம்30 (கான்கிரீட்டின் வலிமைத் தரம்), ஒரு கனமீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமெண்ட், தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45-க்கு மிகாமல், கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன்) 45 மி.மீ. எஸ்டிமேட்டில் எம்20 என்றோ எம்25 என்றோ இருந்தால் டெண்டருக்கு முன்பே மாற்றுங்கள். பிறகு மாற்றினால் அது எக்ஸ்ட்ரா ஐட்டம், அதாவது ஒப்பந்தத்தில் இல்லாத கூடுதல் வேலை. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி.க்கு மேல் இருக்கக் கூடாது. பள்ளத்தில் ஊறும் தண்ணீரைப் பம்ப் போட்டு இறைத்து அதையே க்யூரிங்குக்கு (கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்க) அடிப்பது இங்கே சகஜம். அதைப் பார்த்த அன்றே நிறுத்துங்கள். கவருக்காகக் கம்பிக்கு அடியில் ஜல்லித் துண்டு வைப்பதையும்தான்.

யாரும் எதிர்பார்க்காத இன்னொன்று, நிலத்தடித் தொட்டி மிதப்பது. 4 மீட்டருக்கு 3 மீட்டர் வெளி அளவு, 2 மீட்டர் ஆழம், அடித்தளமும் சுவரும் 20 செ.மீ. தடிமன் உள்ள சம்ப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூடி போடும் முன் அதன் எடை ஏறத்தாழ 18 டன். மழையில் நீர் தரைமட்டம் வரை ஏறினால் கீழிருந்து தள்ளும் விசை 24 டன். ராத்திரி பம்ப் நின்றால் காலையில் சம்ப் ஒரு பக்கம் சாய்ந்து எழும்பி நிற்கும். திரும்ப உட்கார வைக்க வழி கிடையாது. மேல்தளம் போட்டு முடியும்வரை உள்ளே 1.2 மீட்டருக்குக் குறையாமல் தண்ணீர் நிரப்பி வையுங்கள். மொத்த எடை 29 டன்னைத் தொடும். தள்ளும் விசையைப் போல் 1.2 மடங்கு கிடைத்துவிடும். கூடவே டீசல் பம்ப் ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். மழை நாளில் கரண்ட் போகும்.

ரெடிமிக்ஸ் (ஆலையிலேயே கலந்து வரும் கான்கிரீட்) வாங்குகிறீர்களா? துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி வரிசையைக் கணக்கில் சேருங்கள். லோடு ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 4926 விதி. எண்ணூர் நெடுஞ்சாலையிலோ மணலிச் சாலையிலோ லாரி மாட்டினால் அந்த நேரம் வழியிலேயே தீர்ந்துவிடும். வந்து சேர்ந்ததும் டிரைவர் டிரம்மில் தண்ணீர் ஊற்றி இளக்கப் பார்ப்பார். விடக் கூடாது. டெலிவரிச் சீட்டில் லோடு நேரத்தைப் பார்த்து, ஸ்லம்ப் (கான்கிரீட்டின் இளக்க அளவு) எடுத்து, நேரம் தாண்டியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். நேரம் நீட்டிக்க வேண்டியிருந்தால் ரிடார்டரை (இறுகுவதைத் தாமதிக்கும் பொருள்) முன்கூட்டியே மிக்ஸ் டிசைனில் சேர்க்கச் சொல்லலாம்.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் பக்கத்து வீட்டுச் சுவர் மனை எல்லையிலேயே நிற்கும். அடித்து இறக்கும் பைல் அங்கே வேண்டாம். துளையிட்டுப் போடும் பைல்தான். வேலை தொடங்கும் முன் அண்டை வீட்டுக்காரர் முன்னிலையில் ஏற்கனவே உள்ள விரிசல்களைத் தேதியோடு படமெடுத்து, அவற்றின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டிவிடுங்கள். கண்ணாடி உடைந்தால் அந்தப் பக்கம் தோண்டுவதை நிறுத்திவிட்டு முட்டுக் கொடுக்க வேண்டும். தோண்டிய மண்ணைப் பள்ளத்து விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் அல்லது ஆழத்தில் பாதி, இதில் எது அதிகமோ அந்தத் தூரம் தள்ளிக் கொட்டுங்கள்.

இவை எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். வரிக்கு ஐந்து கட்டம்: என்ன ஆகலாம், எந்த அறிகுறியில் தெரியும், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், செலவு யாருடையது. ஐந்தாவது கட்டம் காலியாக இருக்கும் வரியில்தான் பின்னால் சண்டை வரும். திங்கட்கிழமைதோறும் ஏ.இ.யும் (உதவிப் பொறியாளர்) காண்ட்ராக்டரும் சேர்ந்து ஒரு முறை பார்த்தால் பத்து நிமிடம்.

அரசு வேலையில் இதைவிட முக்கியமான இன்னொரு நோட்டு ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டர், அதாவது தடைப் பதிவேடு. மின்கம்பம் மாற்றவில்லை, மெட்ரோ வாட்டர் குழாய் குறுக்கே வந்தது, வரைபடம் தாமதம், மழை: எதுவானாலும் தொடங்கிய தேதி, முடிந்த தேதி, எந்த வேலை நின்றது என்று அன்றன்றே எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். மூடப்போகும் வேலையை எம்.புக்கில் (அளவுப் புத்தகம்) ஏற்றாமல் கான்கிரீட் போடவும் கூடாது. மறைந்த கம்பிக்குப் பிறகு அளவு கிடையாது. கால நீட்டிப்புக் கேட்கும் நாளில் அந்த ரெஜிஸ்டரில் கையெழுத்து இல்லையென்றால், மழை பெய்த நாளெல்லாம் காண்ட்ராக்டரின் தாமதமாகவே எண்ணப்பட்டு அபராதத்தில் போய் நிற்கும்.