மறதிநோய் உள்ள தாத்தா, பிரிந்துபோன மகனைச் சந்திக்கும்போது

சந்திப்பைக் காலையிலேயே வையுங்கள்; பொழுது சாய்ந்தால் பலருக்குக் குழப்பமும் பதற்றமும் கூடும். ஒரே ஆள் வரட்டும், 20 நிமிடம் போதும். டிவியை அணைத்துவிட்டு, காது மெஷினும் கண்ணாடியும் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

மகன் எதிரே உட்கார்ந்து, "அப்பா, நான் உங்க சின்ன மகன்" என்று தானே சொல்லிவிட வேண்டும். "நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்பதுதான் காரியத்தைக் கெடுக்கும். பதில் வராத அவமானம் கோபமாக மாறிவிடும். பழைய போட்டோ ஒன்றைக் கையில் கொடுங்கள். நேற்று நடந்தது மறந்தாலும் இளமைக்கால நினைவு பெரும்பாலும் நிற்கும்.

அவர் மன்னிப்புக் கேட்டால் அப்போதே கையைப் பிடித்து, "சரிப்பா" என்று சொல்லுங்கள். நாளை மறுபடியும் கேட்பார், அதே பதில்தான். சண்டைக்கான காரணத்தை அவர் மாற்றிச் சொன்னால் திருத்தாதீர்கள். சொத்துப் பத்திரம் எதிலும் அன்று கையெழுத்து வாங்கவே கூடாது.