பிராசசரைக் கையால் ஓவர்க்ளாக் செய்வது: வேகத்தை விட வோல்டேஜைக் கவனியுங்கள்

ஓவர்க்ளாக் என்றால் நிறுவனம் வைத்த வேகத்தை விட வேகமாகப் பிராசசரை ஓட்டுவது. முதலில் உங்கள் பிராசசர் இதற்கு இடம் கொடுக்குமா என்று பாருங்கள். இன்டெல் என்றால் பொதுவாக மாடல் எண்ணுக்குப் பின்னால் கே (கே, கேஎஃப், கேஎஸ்) இருக்க வேண்டும், மதர்போர்டும் இசட் வரிசை சிப்செட்டாக இருக்க வேண்டும். ஏஎம்டி ரைசனில் பெரும்பாலானவை வேகத்தை மாற்ற விடாத பூட்டில்லாமல் வருகின்றன (5800எக்ஸ்3டி போன்ற சில விதிவிலக்கு), பி அல்லது எக்ஸ் வரிசை போர்டு போதும், ஏ வரிசையில் முடியாது.

கணக்கு எளிதுதான். அடிப்படை க்ளாக் 100 மெகாஹெர்ட்ஸ், அதை மல்டிப்ளையர் 45 ஆல் பெருக்கினால் 4.5 கிகாஹெர்ட்ஸ். மல்டிப்ளையரை மட்டும் மாற்றுங்கள், அடிப்படை க்ளாக்கைத் தொடாதீர்கள், ஏனென்றால் அதை ஏற்றினால் மெமரியின் வேகமும் கூடவே நகரும், அப்புறம் கோளாறு எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. இதே காரணத்துக்காக மெமரியை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ ப்ரொஃபைலையும் முதலில் அணைத்து வையுங்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன், பிராசசருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் மென்பொருளை அரை மணி நேரம் ஓடவிட்டு, முழுச் சுமையில் வோல்டேஜும் வெப்பமும் எவ்வளவு என்று எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இப்போதே 85 டிகிரியைத் தாண்டுகிறது என்றால் முதலில் கூலரைக் கவனியுங்கள், ஓவர்க்ளாக் பிறகு.

சரி, இனி பயாஸ், அதாவது கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை. வோல்டேஜை 'ஆட்டோ'வில் விடாதீர்கள்: பல போர்டுகள் பிராசசர் நிலையாக ஓடினால் போதும் என்று தேவைக்கு மேல் ஏற்றிவிடும். நீங்கள் எழுதி வைத்த அளவையே கையால் கொடுத்து, மல்டிப்ளையரை ஒன்று மட்டும் கூட்டி, சேமித்து, விண்டோஸுக்குள் போய் பத்து நிமிடம் சோதியுங்கள். தாங்கினால் இன்னொன்று. தொங்கினாலோ நீலத் திரை வந்தாலோ 0.01 அல்லது 0.02 வோல்ட் கூட்டிப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களை மாற்றவே கூடாது.

வோல்டேஜில் ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்? மின்செலவு வேகத்துக்கு நேர்விகிதத்தில்தான் ஏறும், ஆனால் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 1.20 வோல்ட்டை 1.32 ஆக்கினால், வேகம் மாறாமலே சுமார் 21 சதவீதம் கூடுதல் வெப்பம். சில்லுக்குள் இருக்கும் நுண்ணிய உலோகத் தடங்களும் அந்த அழுத்தத்தில் மெல்ல மெல்லத் தேயும், இன்று நிலையாக ஓடும் அதே செட்டிங் ஆறு மாதத்தில் தடுமாறத் தொடங்கலாம். சுமையில் வோல்டேஜ் சரியாமல் தாங்கும் லோட்லைன் கேலிபரேஷனை உச்சத்தில் வைத்தாலும் இதே ஆபத்துதான், சுமை சட்டென்று இறங்கும் நொடியில் வோல்டேஜ் துள்ளும். நடு அளவு போதும். கடைசி 100 மெகாஹெர்ட்ஸுக்காக 0.05 வோல்ட் கேட்கிறதென்றால் அதை விட்டுவிடுங்கள், விளையாட்டில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

கடைசி அளவு கிடைத்ததும் பிரைம்95 அல்லது ஓசிசிடி என்ற சோதனை மென்பொருளைப் பல மணி நேரம் ஓடவிடுங்கள். ஒரு மணி நேரச் சோதனையை நம்பி நான் நிறுத்திக்கொண்டதில், கணினி ஒரு முறைகூட உறையவில்லை, ஆனால் சுருக்கி வைத்த கோப்புகள் சில நாள் கழித்துத் திறக்க மறுத்தன. சத்தமில்லாமல் தப்பாகக் கணக்கிடும் பிராசசர்தான் எல்லாவற்றையும் விட மோசம். அதனால் எச்டபிள்யூஇன்ஃபோவில் 'வீயா' பிழை (விண்டோஸ் பதிவு செய்யும் வன்பொருள் பிழை) ஒன்று தெரிந்தாலும் ஒரு படி இறங்கிவிடுங்கள், முக்கியமான கோப்புகளுக்கு முன்கூட்டியே பேக்கப் எடுத்திருங்கள்.

திரையே வராமல் போனால் பதற வேண்டாம். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கையேட்டில் சொன்னபடி மதர்போர்டில் உள்ள சிமாஸ் ஜம்பரால் பயாஸ் செட்டிங்குகளை அழித்தாலோ வட்ட பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்தாலோ பழைய நிலைக்கு வந்துவிடும். அப்போது எல்லா எண்களும் போய்விடும் என்பதால், நிலையான ஒவ்வொரு படியையும் காகிதத்தில் குறித்து வையுங்கள்.