சுருதியைப் பிடித்துத் தேடுங்கள்: எதீரியல் ஃபோக், டார்க் ஆம்பியன்ட் கேட்கத் தொடங்குவது எப்படி

எதீரியல் ஃபோக் என்பது கனவு போல் மிதக்கும் நாட்டார் இசை. டார்க் ஆம்பியன்ட் என்பது நீண்ட ஒலிகளால் ஓர் இருண்ட சூழலை எழுப்பும் இசை. யூடியூபில் 'டார்க் ஆம்பியன்ட்' என்று தட்டினால் பத்து மணி நேர மழைச் சத்தம் வரும். 'எதீரியல் ஃபோக்' என்று தட்டினால் பனிக்காடும் ஓநாயும் போட்ட படங்கள் வரும். நல்ல இசையும் அதற்குள்தான் எங்கோ கிடக்கிறது, ஆனால் மேலே வராது. எல்லோரும் தேடும் பெயர் என்பதால் யார் எதை ஏற்றினாலும் அந்தப் பெயரையே ஒட்டிவிடுகிறார்கள். அதனால் வகைப்பெயரைத் தேடுவதை விட்டுவிடுங்கள். வாத்தியம், ஒலிப்பதிவு நடந்த இடம், வெளியிட்ட லேபிள், உள்ளே வேலை செய்த ஆள்: இந்த நான்கில் ஒன்றைப் பிடித்துத் தேடினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழி தானாகத் திறக்கும்.

நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. இந்த இசையில் பெரும்பகுதி நிற்பது ஒரு நீண்ட சுருதியின் மேல். கச்சேரி தொடங்குமுன் தம்பூராவை மட்டும் ஐந்து நிமிடம் கேட்டு ரசித்தவருக்கு, நகராத ஒரு ஸ்வரத்துக்குள் எவ்வளவு நடமாட்டம் இருக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேட்பதற்கு முன்

பலர் இந்த இசையை ஒரே நாளில் கைவிடுவதற்குக் காரணம் ஃபோன் ஸ்பீக்கர். டார்க் ஆம்பியன்ட்டின் உடம்பு 40 முதல் 120 ஹெர்ட்ஸ் வரையுள்ள கீழ்ப்பகுதியில் இருக்கிறது. ஃபோன் ஸ்பீக்கரோ 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. ஆகவே கேட்பது இசை அல்ல, அதன் மேல் படிந்த இரைச்சல் மட்டும். சாதாரண வயர் இயர்ஃபோன் போதும். ஆனால் காதுக்குள் போகும் ரப்பர் முனை சரியான அளவில் இருக்க வேண்டும். துளி இடைவெளி இருந்தாலும் பேஸ் முழுதும் கசிந்துவிடும். கூடவே வரும் மூன்று அளவு முனைகளையும் மாட்டிப் பார்த்து, எதில் கீழ்ஒலி கனமாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். சீலிங் ஃபேன் முழு வேகத்தில் ஓடினால் மெல்லிய பகுதிகள் அதன் காற்றிலேயே கரைந்துவிடும்.

செயலியின் செட்டிங்ஸில் ஷஃபிள், கிராஸ்ஃபேட் (ஒரு டிராக்கை மங்கவைத்து அடுத்ததை அதன் மேல் ஏற்றுவது), வால்யூம் நார்மலைசேஷன், ஈக்வலைசர் நான்கையும் அணையுங்கள். டிராக்குகளை இடைவெளியில்லாமல் ஓட்டும் கேப்லெஸ் இருந்தால் அதை மட்டும் போடுங்கள். இந்த ஆல்பங்களில் ஒரு டிராக் அடுத்ததற்குள் ஒழுகிப் போகும். கிராஸ்ஃபேட் அந்த இணைப்பை நறுக்கிவிடும். தனித்தனி டிராக்காக வேலை செய்யும் நார்மலைசேஷன், வேண்டுமென்றே மெல்லியதாக விட்ட பகுதியை மற்றவற்றுக்குச் சமமாகத் தூக்கிவிடும்.

ஒலியளவைத் தொடக்கத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். முதல் இரண்டு நிமிடம் ஏறக்குறைய மௌனமாகவே இருக்கும். அதற்கேற்ப ஏற்றி வைத்தால் பதினைந்தாம் நிமிடத்தில் காது அடிபடும். முதலில் நடுவே தாவி, மிக உரத்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே இதமாக இருக்கும் அளவில் வைத்துவிட்டுத் தொடக்கத்துக்குத் திரும்புங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான வரம்பு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம்.

துடுக்கில் தொடங்குங்கள்

முதல் நுழைவுக்கு ஆர்மேனியாவின் துடுக் போல் இன்னொன்று இல்லை. ஆப்ரிகாட் மரத்தில் கடைந்த குட்டைக் குழல், அகலமான இரட்டை நாணல் சீவாளி. மரபாக இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பார்கள். ஒருவர் ராகத்தை வாசிக்க, மற்றவர் கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே ஒரே ஸ்வரத்தை அறாமல் பிடித்திருப்பார். அந்தப் பிடிப்புக்கு அங்கே 'தம்' என்று பெயர். நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுபவர் செய்யும் அதே வேலை.

துடுக் கலைஞர் ஜீவன் காஸ்பரியானின் இசையை 1989-இல் ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரையன் ஈனோவின் ஓபல் லேபிள் மேற்கில் வெளியிட்டது. ஆம்பியன்ட் என்ற பெயரை 1978-இல் ஓர் ஆல்பத் தலைப்பில் போட்டு நிலைநிறுத்திய அதே ஈனோதான் இந்த நாட்டார் குழலையும் கொண்டுவந்தார். இந்தக் கட்டுரையின் இரண்டு வகைகளும் உறவுக்காரர்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஒரு துடுக் வாசிப்பை இப்படிக் கேளுங்கள். முதல் தடவை மேலே ஓடும் ராகத்தை விட்டுவிட்டு, 'தம்' சுருதியை மட்டும் பின்தொடருங்கள். அது அசையாமல் நிற்கிறதே என்று முதலில் தோன்றும். சில நிமிடங்களில், ராகம் சுருதியை நெருங்கும்போதெல்லாம் இரண்டு குழலும் உரசி ஒரு மெல்லிய அதிர்வு எழுவதும், சேர்ந்தவுடன் அது அடங்குவதும் தெரியும். அந்த உரசலைக் காது பிடித்துவிட்டால் மீதி வகைகள் எல்லாம் சுலபம்.

தேடும்போது ஒரு தந்திரம்: விக்கிப்பீடியாவில் துடுக் பக்கத்தைத் திறந்து, மொழிப் பட்டியலில் ஆர்மேனியனைத் தேர்ந்து, அங்கிருக்கும் தலைப்பை அப்படியே நகலெடுத்து யூடியூபில் ஒட்டுங்கள். உள்ளூர்க்காரர்கள் தங்கள் எழுத்தில் பெயரிட்டு ஏற்றிய கச்சேரிகளும் பழைய ஒளிபரப்புகளும் வரும். ஆங்கில எழுத்தில் தேடினால் இவை கண்ணில் படவே படா. எந்த நாட்டு வாத்தியத்துக்கும் இதே வழி.

அங்கிருந்து மூன்று பக்கம்

கிழக்கே போனால் சைபீரியாவின் தெற்கு ஓரத்தில் துவா. 1992-இல் உருவான ஹூன்-ஹூர்-தூ குழுவிலிருந்து தொடங்கலாம். ஒரே தொண்டையிலிருந்து அடிச்சுருதியும் அதன் மேல் விசில் போன்ற மேல்ஸ்வரமும் ஒன்றாக வரும். பாடுபவர் நாக்கையும் வாயையும் வளைத்து, குரலில் ஏற்கனவே இருக்கும் ஒத்திசைவு ஸ்வரங்களில் ஒன்றை மட்டும் பெரிதாக்குகிறார். விசில் பாணிக்கு சிகித் என்றும் கரகரப்பான கீழ்பாணிக்கு கார்கிரா என்றும் பெயர். கார்கிராவில் குரல்நாண்களுக்கு மேலுள்ள பொய்நாண்களும் சேர்ந்து பாதி வேகத்தில் அதிர்வதால் குரல் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடுகிறது. டார்க் ஆம்பியன்ட்டுக்குள் நுழைய கார்கிராதான் நல்ல வாசல்.

மேற்கே பல்கேரியா. அங்கத்திய பெண்கள் பாடும்போது அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்களை விலக்காமல் சேர்த்தே பிடிப்பார்கள். வீட்டில் ஹார்மோனியமோ கீபோர்டோ இருந்தால் ச, சதுஸ்ருதி ரி இரண்டு கட்டைகளையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். வாத்தியத்தில் முரடாகக் கேட்கும் அந்த மோதல் இருபது பெண்குரல்களில் மணியோசையாக மாறுவதுதான் அதிசயம். மார்செல் செலியே என்ற ஸ்விஸ் நாட்டவர் 1975-இல் வெளியிட்ட தொகுப்பு இதை உலகுக்குக் காட்டியது. ஆனால் அது பெரும்பாலும் மேடைக்காக அமைத்த பாட்டு. கிராமத்துக் குரல் வேண்டுமென்றால் ரோடோப் மலைப்பகுதியின் வால்யா பால்கன்ஸ்காவைத் தேடுங்கள். 1977-இல் வாயேஜர் விண்கலத்தில் ஏறிய தங்க இசைத்தட்டில் அவர் பாட்டும் இருக்கிறது. பின்னால் 'கபா கைதா' என்ற கனத்த தோற்பை வாத்தியம் சுருதி பிடிக்கிறது.

வடக்கே நார்வேயும் ஸ்வீடனும். நார்வேயின் ஹார்டாங்கர் ஃபிடிலில் வில் படும் நான்கு தந்திகளுக்கு அடியில் நான்கோ ஐந்தோ தந்திகள் தொடாமலே அதிரும். ஸ்வீடனின் நிக்கெல்ஹார்ப்பாவில் அப்படிப் பன்னிரண்டு. சிதாரின் தரப் தந்திகளைக் கேட்டவருக்கு அந்த மினுமினுப்பு உடனே பிடிபடும். நார்வேயின் வார்த்ரூனா குழு 2009-இல் வெளியிட்ட முதல் ஆல்பம் இந்தப் பக்கத்துக்கு நல்ல தொடக்கம்.

பழைய களப்பதிவுகளுக்கு ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் ஒரு களஞ்சியம். 1948-இல் நியூயார்க்கில் மோசஸ் ஆஷ் தொடங்கிய ஃபோக்வேஸை 1987-இல் ஸ்மித்சோனியன் எடுத்துக்கொண்டது. எந்த ஆல்பத்தையும் விற்பனையிலிருந்து எடுப்பதில்லை என்பது நிபந்தனை. பெரும்பாலான ஆல்பங்களின் குறிப்பேடு இணையதளத்தில் இலவச பிடிஎஃப்பாகக் கிடைக்கும். அதைப் படித்துவிட்டுக் கேளுங்கள். எந்த ஊர், யார், எதற்காகப் பாடினார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

டார்க் ஆம்பியன்ட்டில் அறைதான் வாத்தியம்

இங்கே ராகம் கிடையாது, தாளமும் அபூர்வம். எந்த இடத்தில் ஒலிக்கிறது என்பதைக் கேட்க வேண்டும். 1988-இல் இசையமைப்பாளர் பாலின் ஒலிவெரோஸும் நண்பர்களும் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஃபோர்ட் வோர்டன் என்ற பழைய ராணுவத் தளத்தின் நிலத்தடி நீர்த்தொட்டிக்குள் இறங்கி, அக்கார்டியனும் டிராம்போனும் வாசித்தார்கள். எழுப்பிய ஒலி அடங்க 45 விநாடி ஆகும் தொட்டி. ஒரு ஸ்வரம் சுவரில் மோதித் திரும்புவதற்குள் அடுத்தது சேர்ந்து, மூன்று பேர் வாசித்தது முப்பது பேர் வாசித்தது போல் ஆனது. 'டீப் லிசனிங்' என்ற அந்த 1989 ஆல்பம் இருண்டதல்ல. ஆனால் நீண்ட எதிரொலியைப் பழகிக்கொள்ள முதலில் இதைக் கேட்பது நல்லது.

அடுத்து தாமஸ் கோனர். வெண்கல காங் தட்டுகளைத் தேய்த்தும் சுரண்டியும் எடுத்த ஒலியிலிருந்து பனிப்பாலை ஒன்றை எழுப்புவார். பிறகு லஸ்ட்மார்ட் என்ற இசைக்கலைஞரின் 1990 ஆல்பமான 'ஹெரஸி'. கல்லறை நிலவறைகள், குகைகள், சுரங்கங்களில் எடுத்த பதிவுகளில் கட்டியது. இந்த வகைக்கே அடித்தளம் என்று அதைச் சொல்லலாம். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பெரும்பாலானோர் பத்து நிமிடத்தில் நிறுத்திவிடுவார்கள். மனம் கனத்திருக்கும் நாளில் லஸ்ட்மார்ட் வேண்டாம். நார்வேயின் துரோம்சோ நகரத்துக்காரரான பயோஸ்ஃபியரின் 'சப்ஸ்ட்ராட்டா' (1997) குளிர்ந்தது, ஆனால் அழுத்தாது.

லேபிளைப் பிடித்து நகருங்கள்

செலியேயின் பல்கேரியப் பதிவை 1986-இல் மறுபடி வெளியிட்டது லண்டனின் ஃபோர்-ஏடி லேபிள். அதே லேபிளின் பட்டியலைத் திறந்தால் மெல்போர்னில் 1981-இல் தொடங்கிய டெட் கேன் டான்ஸ் குழு இருக்கிறது. அதன் பாடகி லிசா ஜெரார்டின் குரலைக் கேட்டவுடன் அடுத்த வாசல் திறந்துவிடும். இருண்ட பக்கமும் அப்படியே. 1987-இல் தொடங்கிய ஸ்வீடனின் கோல்ட் மீட் இண்டஸ்ட்ரி லேபிள் 2003-இல் ஏட்ரியம் கார்சேரி என்ற பெயரில் வந்த ஆல்பத்தை வெளியிட்டது. அந்தப் பெயரில் இசையமைக்கும் சைமன் ஹீத் 2012-இல் கிரையோ சேம்பர் என்ற லேபிளைத் தொடங்கினார். கிரையோ சேம்பரின் யூடியூப் சானலில் முழு ஆல்பங்களையே கேட்கலாம்.

ஆல்பங்களின் விவரங்களைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில் 'ஸ்டைல்' வடிகட்டியில் டார்க் ஆம்பியன்ட்டைத் தேர்ந்து, கூடவே ஒரு நாட்டையும் தேருங்கள். பின்லாந்து, போலந்து என்று ஒவ்வொன்றாகப் போனால் பட்டியல் கைக்கு அடங்கும். ஆல்பப் பக்கத்தில் குரல், மாஸ்டரிங், ஒலிப்பதிவு என்று இருக்கும் பெயர்களைச் சொடுக்கினால் அந்த ஆள் வேலை செய்த மற்ற ஆல்பங்கள் வரும். ஆல்பங்களை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் இன்னொரு வழி உண்டு. ஆல்பத்தை வாங்கியவர்களின் சிறு படங்கள் பக்கத்தில் தெரியும். உங்களுக்குப் பிடித்த இரண்டு ஆல்பங்களையும் வாங்கிய ஒருவரைக் கண்டுபிடித்து, அவர் சேகரிப்பைத் திறங்கள். எந்த அல்காரிதமும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது.

கை ஓய்ந்திருக்கும்போது சோமா-எஃப்எம் இணைய வானொலியின் டிரோன் சோன், டார்க் சோன் நிலையங்களை ஓடவிடுங்கள். விளம்பரம் கிடையாது.

எங்கே தவறுகிறது

தூங்கும்போது ஒரு இரவு முழுக்க ஓடவிட்டால் போதும், பரிந்துரைகள் எல்லாம் தூக்க இசையாக மாறிவிடும். அதற்குத் தனிக் கணக்கு வையுங்கள், இல்லையென்றால் அந்த நாளின் வரலாற்றை அழித்துவிடுங்கள்.

இயந்திரம் உருவாக்கிய 'பழங்கால வைக்கிங் இசை' இப்போது மலையாகக் குவிகிறது. சோதனை எளிது. வாத்தியம் வாசித்தவர் பெயர் இருக்கிறதா? பதிவு நடந்த இடம் இருக்கிறதா? மேடையில் வாசித்த காணொளி இருக்கிறதா? மூன்றும் இல்லாமல் மாதத்துக்குப் பத்து ஆல்பம் வருகிறதென்றால் விட்டுவிடுங்கள்.

நாட்டார் இசையை இருண்ட பாணியோடு கலக்கும் நியோஃபோக் என்ற வகையின் சொல் வழியாகப் போகும்போது கவனம் வேண்டும். அந்த வட்டத்தில் சில குழுக்கள் பாசிச அடையாளங்களோடு விளையாடியவை. வாங்குமுன் குழுவின் நேர்காணல்களைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

பிடித்ததை விலை கொடுத்து வாங்குங்கள். இவர்களில் பலர் சில நூறு பிரதிகளை நம்பி வாழ்பவர்கள். பேண்ட்கேம்ப்பில் இந்திய கார்டு மறுக்கப்பட்டால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: புதிய கார்டுகளில் சர்வதேசப் பரிவர்த்தனை அடைத்தே வரும், வங்கிச் செயலியில் அதைத் திறக்க வேண்டும். இறக்கும்போது தரம் குறையாத ஃபிளாக் வடிவத்தைத் தேருங்கள். ஒரு மணி நேர ஆல்பத்துக்கு 320 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 144 எம்பி. ஃபிளாக் அதைப்போல் இரண்டு மடங்கு வரும். ஆனால் டிராக்குகளுக்கு நடுவே எம்பி3 விடும் சின்ன இடைவெளி அதில் இருக்காது.

கேட்டு முடித்ததும் ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: வாத்தியம், இடம், லேபிள், உள்ளே கண்ட ஒரு பெயர். பத்து ஆல்பம் எழுதியபின் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். ஏதாவது ஒன்று இரண்டு தடவை வந்திருந்தால் அடுத்த தேடல் அங்கிருந்து.