ஸ்டெம் செல் செய்தியை வாலிலிருந்து படியுங்கள்

ஸ்டெம் செல் (உடம்பின் வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) சிகிச்சை பற்றி எந்தச் செய்தி கைக்கு வந்தாலும் முதலில் கடைசிப் பத்திக்குப் போய்விடுங்கள். தலைப்பு எங்கேயும் ஓடிவிடாது.

மதுரையில் ஒரு நாளிதழ் டெஸ்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பக்கம் கட்டும் நேரத்தில், ராத்திரி, கடைசி நிமிடத்தில் ஒரு விளம்பரம் வந்து சேரும். "மேட்டர் நீளம், வால வெட்டு" என்று குரல் வரும். கீழேயிருந்து இரண்டு பத்தி போகும். செய்தி எழுதும் முறையே முக்கியமானது மேலே, மற்றது கீழே என்பதால் பொதுவாக இதில் பெரிய நஷ்டம் இல்லை. மருத்துவ ஆராய்ச்சிச் செய்தியில்தான் சிக்கல். இது எலிகளில் நடந்த சோதனை, இன்னும் பல ஆண்டு ஆகும், ஆய்வில் தொடர்பில்லாத நிபுணர் எச்சரிக்கிறார், செலவு செய்தது மருந்து கம்பெனி என்பதெல்லாம் அந்த இரண்டு பத்தியில்தான் இருக்கும். யாரும் சதி செய்து எடுப்பதில்லை. இடம் இல்லை, அவ்வளவுதான். இணையத்தில் இடப் பஞ்சம் கிடையாது. ஆனாலும் எல்லாவற்றையும் சில வரிகளில் சுருக்கித் தரும் செயலிகள் வந்தபின் வாலோடு சேர்த்து இடுப்பும் போய்விட்டது.

அப்படி வால் அறுந்து வந்த செய்தி என்றால் வாலைத் தேடி நாம்தான் போக வேண்டும். எப்படி என்று ஒரு செய்தியை வைத்தே சொல்கிறேன்.

என் தங்கை மகளின் பையனுக்கு டைப் 1 சர்க்கரை. உலகத்தில் எந்த மூலையில் "ஸ்டெம் செல்", "சர்க்கரை" இரண்டும் ஒரே வரியில் வந்தாலும் சொந்தக்காரர்கள் அவளுக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் எனக்கு அனுப்புவாள்: "மாமா, இது நெசமா?"

2024 செப்டம்பர் கடைசியில் வந்தது சீனச் செய்தி. டைப் 1 உள்ள 25 வயதுப் பெண். அவருடைய சொந்தச் செல்களையே ஸ்டெம் செல்களாக மாற்றி, அதிலிருந்து இன்சுலின் சுரக்கும் செல் திட்டுகளை உருவாக்கி, வயிற்றுத் தசைப் பகுதியில் வைத்தார்கள். இரண்டரை மாதத்தில் இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. ஓர் ஆண்டு கடந்தும் அப்படியே. பொய்யில்லை, 'செல்' என்ற நல்ல ஆய்விதழில் வந்தது. எனக்கு வந்த ஃபார்வர்டில் இதோடு முடித்து, கீழே கைகூப்பும் பொம்மை மூன்று போட்டிருந்தார்கள்.

செய்தியில் இருந்த இதழின் பெயரையும், ஆய்வுக் குழுவின் தலைவர் டெங் ஹொங்குயி பெயரையும் கூகுளில் போட்டேன். மூலக் கட்டுரையின் சுருக்கம் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். ஆங்கிலம் சிரமமென்றால் போனிலேயே மொழிபெயர்த்துக்கொள்ளலாம். கட்டுரையில் நான் தேடுவது மூன்றுதான்: எத்தனை பேர், எத்தனை நாள், வேறென்ன மருந்து சாப்பிடுகிறார்கள்.

மூன்றாவதில்தான் விஷயம் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. அதனால் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளை அவர் முன்பிருந்தே சாப்பிட்டு வருகிறார். உடம்பின் நோயெதிர்ப்புப் படையே இன்சுலின் சுரக்கும் செல்களைத் தேடி அழிப்பதுதான் டைப் 1. அந்தப் படையை ஏற்கெனவே கட்டிப்போட்ட உடம்பில்தான் புதிய செல்கள் பிழைத்திருக்கின்றன. மருந்து இல்லாத உடம்பில் பிழைக்குமா என்பதற்கு இந்த ஒருவரை வைத்துப் பதில் சொல்ல முடியாது. ஓடியாடும் பள்ளிப் பிள்ளைக்கு ஆயுள் முழுக்க அப்படி ஒரு மருந்து கொடுப்பதா, இன்சுலின் ஊசி போடுவதா என்று கேட்டால் கணக்கே மாறிவிடுகிறது.

அடுத்த ஆண்டு, 2025 ஜூனில், இதைவிடப் பெரிய செய்தி. அமெரிக்க மருந்து நிறுவனமான வெர்டெக்ஸ், ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய இன்சுலின் சுரக்கும் செல்களை டைப் 1 நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்த சோதனை, 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில். முழு அளவு செல்கள் பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஓர் ஆண்டு முடிவில் இன்சுலின் தேவைப்படவில்லை. எனக்கே படிக்கும்போது நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. பிறகு வாலுக்குப் போனால், எல்லோருக்கும் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து. இரண்டு மரணம், ஒன்று கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் வந்த மூளையுறைக் காய்ச்சல், இன்னொன்று ஏற்கெனவே இருந்த மறதிநோய் முற்றியது. சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள் எல்லோரும் பெரியவர்கள், அதுவும் சர்க்கரை திடீரென்று அபாயமாக இறங்குவது தெரியாமலே மயங்கி விழும் ரகம். செலவு செய்தது அதே நிறுவனம். நிறுவனம் செலவு செய்தால் முடிவு பொய்யாகிவிடாது. மருந்துச் சோதனைகள் அப்படித்தான் நடக்கும். ஆனால் அது கட்டுரையில் இருக்கிற வரி, ஃபார்வர்டில் இல்லாத வரி. மருமகளிடம் சொன்னேன்: "விஷயம் உண்மைதாம்மா. ஆனா நம்ம பையன மாதிரி பிள்ளைங்களுக்கான சோதனை இது இல்ல."

எலி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எலிக்குச் சர்க்கரை பலமுறை குணமாகிவிட்டது. எந்தப் பிராணி என்று செய்தியில் சொல்லவில்லையென்றால் அது எலி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளூர்ச் செய்தி வேறு வகை. இதற்கு மூலக் கட்டுரையே இருக்காது. ஓட்டலில் பிரஸ் மீட், காபி, ஒரு ஃபைலில் பிரஸ் நோட், மேடையில் குணமானதாகச் சொல்லப்படும் நோயாளி. மறுநாள் "ஸ்டெம் செல் சிகிச்சையில் சாதனை" என்று வரும். அடையாளம் காண்பது சுலபம்: கடைசி வரி "பேட்டியின்போது டாக்டர்கள் இன்னார், இன்னார் உடனிருந்தனர்" என்று முடியும். அப்படி முடிந்தால் செய்தியில் பேசியவர்கள் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தவர்கள் என்று அர்த்தம். வெளி ஆள் ஒருவரும் கிடையாது. வண்ணப் படத்தோடு அரைப் பக்கம் வந்து, ஓரத்தில் எறும்பளவு எழுத்தில் "விளம்பரம்" என்று இருந்தால் அது செய்தியே இல்லை. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. அதனால்தான் விளம்பரம் பேட்டியாக வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது.

இங்கே ஒரே ஒரு அளவுகோலை மனதில் வைத்துக்கொண்டால் போதும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி, ரத்தம் உருவாக்கும் ஸ்டெம் செல்களை ரத்தப் புற்று, தலசீமியா போன்ற நோய்களுக்கு மாற்றிப் பொருத்துவது, அதாவது எலும்பு மஜ்ஜை மாற்று, அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை. வேலூர் சி.எம்.சி.யில் 1980களிலிருந்தே செய்கிறார்கள். இந்த வகையில் சேராத மூட்டு வலி, முதுகுத்தண்டுக் காயம், சர்க்கரை எல்லாம் ஆராய்ச்சி. ஆட்டிசத்துக்கு இதைச் செய்யக் கூடாது என்று 2022 இறுதியில் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை மற்றும் மருத்துவப் பதிவு வாரியம் தனியாகவே சொன்னது. ஆராய்ச்சி என்றால் அதற்காக நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. ஆகவே செய்தியில் "லட்சம்", "பேக்கேஜ்", "சலுகை" என்ற சொற்களைத் தேடுங்கள். ஆராய்ச்சி என்று ஒரு வரியிலும் கட்டணம் என்று இன்னொரு வரியிலும் இருந்தால் இரண்டில் ஒன்று பொய்.

"அரசுப் பதிவேட்டில் பதிவு செய்யப்பட்ட சோதனை" என்ற வரியைக் கண்டு மயங்க வேண்டாம். பதிவு வேறு, அனுமதி வேறு. அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் மூன்று பெண்கள் வயது மூப்பால் வரும் விழித்திரைத் தேய்வுக்காக ஒரு கிளினிக்குக்குப் போனார்கள். தலா 5,000 டாலர் கட்டினார்கள். வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை ஒரே நாளில் இரண்டு கண்ணிலும் ஊசியால் செலுத்தினார்கள். மூவருக்குமே பார்வை கடுமையாகப் பறிபோனது. 2017இல் மருத்துவ இதழில் வெளிவந்த விவரம் இது. அமெரிக்க அரசின் சோதனைப் பதிவேட்டில் அந்தக் கிளினிக்கின் ஆய்வுக்கும் ஒரு பக்கம் இருந்தது. கண் மருத்துவம் தெரியாதவர்களுக்குக்கூட ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும்: சோதனை என்றால் ஒரு கண்ணில் செய்து பார்த்துவிட்டு அல்லவா மறு கண்ணைத் தொடுவார்கள்?

மருத்துவச் சோதனைகளுக்கான நம் நாட்டுப் பதிவேடு சி.டி.ஆர்.ஐ. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். செய்தியில் பதிவு எண் இருந்தால் அதைப் போட்டுத் தேடுங்கள். எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், பணம் யாருடையது, நெறிமுறைக் குழு ஒப்புதல் என்ன நிலையில் இருக்கிறது, மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியின் அனுமதி வந்ததா என்பதற்குத் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. அனுமதிக் கட்டத்தைத்தான் முதலில் பாருங்கள்.

கடைசியாக, செய்தி பழையதா என்று தேதியைப் பாருங்கள். ஃபார்வர்டுக்கு வயது கிடையாது. 2014 ஜனவரியில் ஜப்பானில் ஹருகோ ஒபோகட்டா என்ற இளம் விஞ்ஞானி, சாதாரணச் செல்லை லேசான அமிலத்தில் வைத்தாலே ஸ்டெம் செல் ஆகிவிடும் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார். பாட்டி கொடுத்த சமையல் மேலங்கியோடு ஆய்வகத்தில் நிற்கும் அவர் படம் உலகம் முழுக்க வந்தது. அதே ஆண்டு ஜூலையில் அந்தக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. திரும்பப் பெற்ற செய்திக்குப் பத்திரிகைகள் பெரும்பாலும் முன்பக்கத்தைத் தருவதில்லை; உள்ளே ஒரு மூலையில் நான்கு வரி போட்டால் பெரிது. அதனால் பழைய செய்தி என்றால் மூலக் கட்டுரையின் தலைப்பை, மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் தளத்தில் போட்டுப் பாருங்கள். இலவசம்தான். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை என்றால் தலைப்புக்கு அருகிலேயே அதைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள்.